கண்ணாடிக்குள் தெரியாத இடம்

நார்த்தாமலையில் அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு மர முளைகள் இருக்கின்றன. ஒன்றில் தினசரி காலண்டர் தொங்குகிறது. இன்னொன்றில் அப்பத்தாவின் மஞ்சப்பை. ஒரு காலத்தில் அந்த இரண்டு முளைகளின் மேல்தான் குறுக்காக ஒரு நாட்டுத் துப்பாக்கி படுத்திருந்தது.

வீட்டுப் பெரியவரின் அப்பா வைத்திருந்த துப்பாக்கி அது. கடலைக் கொல்லையில் பன்றி இறங்காமல் இருக்க, பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கியது. தேர்தல் அறிவித்தால் அதைத் துணியில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போவார். ஒப்படைத்து ரசீது வாங்கி, அதைப் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைப்பார். அவர் காலமான பிறகு துப்பாக்கி முறைப்படி அரசாங்கத்திடம் போய்விட்டது. முளைகள் மட்டும் மிச்சம்.

காலாண்டு விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து வந்த பேரனுக்கு வயது 15. போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டே ஒருநாள் அந்த முளைகளைப் பார்த்தான்.

“அய்யா, இங்க இருந்த துப்பாக்கியில ஒரு ஸ்கோப் மாட்டியிருந்தா எப்படி இருந்திருக்கும்? கேம்ல 8எக்ஸ் ஸ்கோப் கெடச்சா, எவ்வளவு தூரத்துல இருந்தாலும் அடிச்சிரலாம்.”

பெரியவர் சிரித்தார். கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருந்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். 1966-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலைக்கு நார்த்தாமலை ஸ்டேஷனில் ரயில் ஏறித் தினமும் போய் வந்தார். துப்பாக்கியின் ஒவ்வொரு உறுப்பும் அவர் கைக்குத் தெரியும். ஆனால், அப்பாவின் துப்பாக்கியில் ஸ்கோப் மாட்டினால் என்ன ஆகும் என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை.

“மாட்டிப் பாத்துருவோமா?” என்றார்.

“துப்பாக்கியே இல்லையே அய்யா!”

“இருந்திருந்தாலும் நாம கை வைக்க முடியாது. ரிப்பேரு பாக்கவும் மாத்திக் கட்டவும் அதுக்குன்னு லைசென்ஸ் வச்சிருக்கவந்தான் செய்யணும். நாம காயிதத்துல மாட்டுவோம்.”

பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கத்தை ஒட்டிச் சேர்த்து, கூடத்துத் தரையில் விரித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நிஜ அளவிலேயே துப்பாக்கியை வரைந்தார். நீளக் குழல். அதற்கு அடியில் மருந்து கெட்டிக்கும் கம்பி. தோளில் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டை. வலப்பக்கத்தில், மடங்கிய கொக்குக் கழுத்து மாதிரி ஒரு இரும்பு.

“இதுதான் குதிரை. பக்கத்துல இருக்கு பாரு. அதான் இந்தத் துப்பாக்கிக்கே அடையாளம்.”

இந்த வகைத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்துக் கம்பியால் கெட்டித்து, அதன் மேல் ஈயக் குண்டைப் போட வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில், வலது ஓரமாக ஒரு சின்ன மூக்கு இருக்கும். நடுவில் ஊசி போகும் அளவுக்கு ஓட்டை. அந்த மூக்கின் மேல் ஒரு செம்புக் கேப்பைச் செருகுவார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்புக்கு இது அண்ணன். விசையை இழுத்தால் குதிரை வந்து கேப்பில் அடிக்கும். பொறி ஓட்டை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். குதிரை விழுவதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவே கண் சிமிட்டுவதற்கும் குறைவான ஒரு தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தில் கை ஆடினால் குறி போச்சு.

பேரன் அடுத்த வேலையைத் தொடங்கினான். ஸ்கோப்புக்குக் குழாய் வேண்டுமே! கொல்லைப்புறத்தில் கிடந்த பிவிசி பைப்பை எடுத்து வந்தான். கண்ணாடிக் கடையில் ‘பிளஸ் 2 பவர்’ லென்ஸ் ஒன்று கேட்டு வாங்கினான். அரை மீட்டர் தள்ளி வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ் அது. கண் வைக்கும் பக்கத்துக்கு, 5 சென்டிமீட்டரில் குவிக்கும் சின்ன பூதக்கண்ணாடி. 50-ஐ 5-ஆல் வகுத்தால் 10. அதாவது, பத்து மடங்கு பெரிதாகத் தெரியும்.

மாட்டிப் பார்த்தவன் “ஐயையோ” என்றான். வேப்பமரம் தலைகீழாகத் தொங்கியது. அதில் உட்கார்ந்திருந்த காக்காயும் தலைகீழாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு குவிலென்ஸ் வைத்தால் அப்படித்தான் தெரியும். நிலவைப் பார்ப்பவருக்கு அது தொந்தரவில்லை. குறி பார்ப்பவருக்கு ஆகாது. நடுவில் இன்னொரு லென்ஸ் வைத்து, கவிழ்ந்த பிம்பத்தை மறுபடி நிமிர்த்த வேண்டும். அதையும் வைத்ததில் குழாய் முக்கால் மீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. 1850-களில் அமெரிக்காவில் வில்லியம் மால்கம் என்பவர் செய்து விற்ற துப்பாக்கித் தொலைநோக்கிகளும் இப்படித்தான் நீண்டு, ஒல்லியாக, கிட்டத்தட்ட குழல் நீளத்துக்கே இருந்தன.

அடுத்து, நடுவில் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடுகள் வேண்டும். அதற்கு நூல் ஆகாது. லென்ஸில் பார்த்தால் தாம்புக்கயிறு மாதிரி தெரியும். பெரியவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

“இந்தா, ஒன் தலைமுடியில ரெண்டு குடேன்.”

“இந்த வயசுல என் முடி எதுக்கு ஒங்களுக்கு?” என்று அப்பத்தா கேட்டாலும், தேடிப்பிடித்துக் கறுப்பாக இரண்டு முடியைக் கொடுத்தார். ஒரு வளையத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, பிம்பம் விழும் இடத்தில் வைத்தார்கள்.

இந்த யோசனைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்து வானியலாளர் வில்லியம் காஸ்கோயின் தன் தொலைநோக்கியைத் திறந்து வைத்திருந்தபோது, உள்ளே ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டது. அது விழுந்த இடம் சரியாகப் பிம்பம் குவியும் இடம். எட்டிப் பார்த்தவருக்குப் பிம்பமும் தெரிந்தது, நூலும் தெளிவாகத் தெரிந்தது. தொலைநோக்கியால் குறி பார்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்தச் சிலந்திதான். பின்னாளில் கருவி செய்தவர்கள் நிஜமாகவே சிலந்தி நூலைத்தான் பயன்படுத்தினார்கள்.

குழாய் தயார். பேரன் அதைத் தூக்கிப் போய், வரைந்த துப்பாக்கிக் குழலின் மேல் படுக்க வைத்தான். “முடிஞ்சது!”

“முடியல. இப்ப குதிரையை இழு பாப்போம்.”

பையன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். குதிரையின் கொண்டையும் குழாயும் ஒட்டிக்கொண்டு நின்றன. விரல் நுழைய இடமில்லை. கேப்பு செருகவும் இடைஞ்சல்.

பெரியவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கேப்பு வெடிக்கும்போது செம்புத் துணுக்கும் தீப்பொறியும் பக்கத்தில் தெறிக்கும். அங்கே லென்ஸ் இருந்தால் அதன் முகத்தில்தான் படும். கரிமருந்து முழுசாகப் புகையாவதில்லை. பாதிக்கு மேல் கரியும் உப்புமாகப் படிந்து இரும்பை அரிக்கும், கண்ணாடியையும் மூடும். பழைய மரக்கட்டை தாழ்வாக வளைந்திருக்கும். கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண் குழலின் மட்டத்துக்கு வரும். ஸ்கோப் வைத்தால் கண் அதற்கும் மேலே போக வேண்டும். அப்போது கன்னம் அந்தரத்தில் நிற்கும்.

“எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு எது தெரியுமா? அதை மாட்ட ஓட்டை போடுறது. மருந்து வெடிக்கிற எடம் இது. குழல்லயே அதிக அழுத்தம் இங்கதான். இதுக்கு மேல ஒரு திருகாணிக்குத் துளை போட்டாலும் இரும்பு மெலிஞ்சுபோகும். அப்புறம் குண்டு முன்னாடி போகுமா, குழல் ஒன் மூஞ்சியில வெடிக்குமான்னு யாரும் சொல்ல முடியாது.”

பேரன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “குதிரை வலது பக்கம்தானே இருக்கு? அப்ப ஸ்கோப்பை இடது பக்கம் வச்சா என்ன?” என்றான்.

பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதைத்தான் டேவிட் டேவிட்சன் செய்தார். ஸ்காட்லாந்துக்காரர். பம்பாய் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். 1830-களிலேயே இந்தியாவில் வேட்டைத் துப்பாக்கியில் சிறு தொலைநோக்கியைப் பொருத்திப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். ஊர் திரும்பிய பிறகு, 1862-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவருடைய தொலைநோக்கி குழலின் மேல் உட்காராது. கட்டையின் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கத்துக் குதிரைக்கு அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை.

அது போய்ச் சேர்ந்தது விட்வொர்த் என்ற துப்பாக்கியில். பக்கக் குதிரையும் வாய்வழி மருந்தும் கொண்டதுதான் அதுவும். ஆனால், உள்ளே குழல் ஆறு பட்டையாக முறுக்கி இருக்கும். 1860 ஜூலை 2-ம் தேதி லண்டனுக்கு அருகே விம்பிள்டனில், தாங்கியில் பொருத்தி வைத்த அந்தத் துப்பாக்கியின் விசையை விக்டோரியா மகாராணி இழுத்தார். 400 கஜம் தள்ளியிருந்த இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் மட்டுமே விலகிக் குண்டு பாய்ந்தது. அடுத்த சில வருஷங்களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிக் குறிவீரர்கள் விட்வொர்த்தைத் தூக்கினார்கள். சில துப்பாக்கிகளில் டேவிட்சனின் தொலைநோக்கியும் இருந்தது. உதை பலமாக இருக்கும். குழாய் பின்னால் வந்து இடிக்க, சுட்டவரின் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகுமாம்.

“அப்போ நம்ம துப்பாக்கியிலயும் இடது பக்கம் மாட்டலாம்ல?”

“மாட்டலாம். ஆனா வீண்.”

காரணம் குழலின் உள்ளே இருந்தது. விட்வொர்த் குழலில் முறுக்கு உண்டு. குண்டு பம்பரம் போலச் சுழன்று வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாது. அதேபோல் சுழலும் குண்டும் தடம் மாறாது. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். உருண்டைக் குண்டு அதில் இப்படியும் அப்படியும் உரசிக்கொண்டு வரும். ஐம்பது, அறுபது மீட்டர் தாண்டினால் அது எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

“கண்ணாடி ஒனக்கு எடத்தைக் காட்டும். குண்டை அங்க கொண்டுபோய்ச் சேக்காது. எங்கப்பா அதனாலதான் பன்றி கிட்ட வர்ற வரைக்கும் காத்திருப்பாரு. பாதி நாளு வானத்தைப் பாத்துச் சும்மா ஒரு வெடி. சத்தத்துக்கே ஓடிப்போயிரும்.”

மறுநாள் காலையில் இருவரும் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு மேலமலை ஏறினார்கள். வெயில் ஏறுமுன் பாறை குளிர்ந்திருந்தது. விஜயாலய சோழீச்சரத்தின் முன்னால் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கோயிலைத் தாண்டிப் பாறைச் சரிவில் உட்கார்ந்து பேரன் குழாயைக் கண்ணில் வைத்தான். கீழே கடலைக் கொல்லைகள், பனைமரங்கள், ஓட்டு வீடுகள்.

“அய்யா! மயிலு! கொல்லைக்குள்ள நிக்குது. முடி ரெண்டும் சரியா அது கழுத்துல இருக்கு.”

“ஆடாம புடி. பிடிச்சியா? சரி, இப்ப சொல்லு. மயிலுக்குப் பின்னாடி என்ன இருக்கு?”

பேரன் பார்த்தான். “ஒண்ணும் தெரியல. பச்சையா கலங்கலா இருக்கு.”

“மயிலுக்குப் பக்கத்துல?”

“வட்டத்துக்குள்ள மயிலு மட்டுந்தான் இருக்கு.”

“குழாயை எறக்கிட்டுப் பாரு.”

இறக்கிவிட்டுப் பார்த்தான். முதலில் மயிலைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கொல்லை ஓரத்துப் பனைமரத்தை அடையாளம் வைத்துத் தேடினான். மயில் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், வேலியைத் தாண்டி ஒரு மாட்டுக் கொட்டகை. அதன் வாசலில் சிவப்புப் பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி கன்றுக்குட்டிக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள்.

பையன் ஒன்றும் பேசவில்லை.

பெரியவர் எதிர்த் திசையில் கையைக் காட்டினார். அந்தப் பக்கம்தான் பசுமலைப்பட்டி. சின்ன வயதில் ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கிருந்து ‘டப் டப்’ என்று சத்தம் கேட்டது பேரனுக்கும் நினைவிருந்தது. போலீஸ்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகிய தளம் அது. ஊர் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தது.

2021 டிசம்பர் 30-ம் தேதி. அன்று காலை மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி எடுத்தார்கள். தளத்துக்கு வெகுதூரத்தில் ஒரு குடிசையில் 11 வயதுச் சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பறந்து வந்த குண்டு அவன் தலையில் பாய்ந்தது. இடைப்பட்ட தூரம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் என்று அப்போதைய செய்திகள் கூறின. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3-ம் தேதி சிறுவன் இறந்துபோனான். குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

“அப்ப ஒனக்கும் அதே வயசுதான்” என்றார் பெரியவர். “அந்த வாரம் பூரா இந்த ஊர்ல யாரு வீட்டுலயும் பிள்ளைகளை வெளிய விடல. ஒங்கப்பத்தா ஒங்கப்பனுக்குப் போன் போட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வராதீங்கன்னு சொல்லிட்டா.”

அந்த வருஷம் ஏன் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை என்பது பேரனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 7.62 மில்லிமீட்டர் வகைக் குண்டு, தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பறக்கக்கூடியது. ஒலியைவிட வேகமாகக் கிளம்புவதால் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்குமுன் குண்டு வந்துவிடும். அதனால்தான் சுடுதளம் என்றால் இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்க வேண்டும், அதையும் தாண்டி ஆளில்லாத நிலம் இருக்க வேண்டும் என்கிறார்கள். கருங்கல் பாறையும் மேடுதான். ஆனால், மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். பாறை திருப்பி எறிந்துவிடும்.

“நான் முப்பது வருஷம் துப்பாக்கி உறுப்புங்களை மைக்ரோ மீட்டர்ல அளந்தவன்டா. நூல் பிசகினாலும் தூக்கிப் போட்டுருவோம். எல்லாத்தையும் அளந்தோம். குண்டு எங்க போய் விழும்கிறதை மட்டும் நாங்க அளக்க முடியாது. அது கையில புடிச்சவன் பொறுப்பு.”

பேரன் மெல்லக் கேட்டான். “அப்ப துப்பாக்கி சுடுறதே தப்பா அய்யா? நம்ம புதுக்கோட்டை ராஜா குடும்பத்துல இருந்து ஒருத்தரு ஒலிம்பிக் போனாரே?”

“போனாரே. பிரித்விராஜ் தொண்டைமான். 2024-ல பாரிஸுக்கு. தப்புன்னு யாரு சொன்னா? அவரு சுடுறது பறக்குற களிமண் தட்டை. அந்தத் துப்பாக்கியில லென்ஸே கெடையாது. ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சு வானத்தையே பாக்கணும். சிதறுற ரவை எங்க விழும்னு முன்னாடியே அளந்து, அந்த எடத்தைக் காலியா வச்சுட்டுத்தான் போட்டி நடத்துவாங்க.”

கொஞ்ச நேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கீழே கன்றுக்குட்டி துள்ளிக் குதித்தது. சிறுமி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மயில் அதற்குள் பறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேரன் காலண்டர் அட்டையின் முன் உட்கார்ந்தான். விடுமுறை முடிந்ததும் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அதையே எடுத்துப் போவதாகத் திட்டம். ‘தொலைநோக்கி வேலை செய்யும் விதம்’ என்று தலைப்பு. உறுப்புகளுக்கு எண் போட்டிருந்தான். 1. குழல். 2. குதிரை. 3. கேப்பு. 4. விசை. 5. மரக்கட்டை. 6. முன் லென்ஸ். 7. நிமிர்த்தும் லென்ஸ். 8. முடிக் குறி. 9. கண் லென்ஸ்.

அப்பத்தா காபி கொண்டுவந்து வைத்தார். “என் முடிக்கு எட்டாம் நம்பரா?” என்று குனிந்து பார்த்தார்.

பையன் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, துப்பாக்கி முனையிலிருந்து ஒரு கோடு இழுத்தான். கோடு அட்டை முடியும் வரை போனது. அங்கே நிறுத்தாமல், இன்னொரு வெள்ளை அட்டையை ஒட்டி அதிலும் இழுத்தான். அது முடிந்ததும் மூன்றாவது அட்டை. அதன் கடைசியில் சின்னதாக ஒரு கொட்டகை வரைந்து, வாசலில் பாவாடை கட்டிய ஒரு சிறுமியை வரைந்தான்.

பிறகு அதன் பக்கத்தில் எழுதினான்: ‘10. கண்ணாடிக்குள் தெரியாத இடம்.’